‘அன்வைண்ட்’: பிரிப்பதா, இளைப்பாறுவதா? – வாசகர் கேள்வி பதில்

அலுவலக மின்னஞ்சலில் வந்த ‘அன்வைண்ட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிச் சென்னை வாசகி ஒருவர் கேட்டிருந்த கேள்வியைச் சென்ற இதழில் குறிப்பிட்டு, விரிவான பதில் பின்னர் வரும் என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த வேறு சில வாசகர்களும் அதே சொல்லை அவரவர் தொழிலிலும் படிப்பிலும் எதிர்கொண்ட விதத்தைக் குறிப்பிட்டுக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். எனவே இம்மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலை எங்கள் அமெரிக்க மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலின் கடைசி வரி, வார இறுதியில் எல்லோரும் நன்றாக ‘அன்வைண்ட்’ செய்யுங்கள் என்ற பொருளில் இருந்தது. என்னிடமுள்ள ஆங்கிலம்–தமிழ் அகராதியோ ‘சுற்றியதை அவிழ், சுருள் பிரி’ என்கிறது. நாங்கள் எதைச் சுற்றினோம், இப்போது எதைப் பிரிப்பது? (வாசகி, சென்னை)

பதில்: அகராதி தவறாக ஒன்றும் சொல்லவில்லை; முதல் பொருளைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. ‘வைண்ட்’ என்றால் சுற்றுதல், சுருட்டுதல், முறுக்கி ஏற்றுதல். ‘அன்வைண்ட்’ என்பது அதன் எதிர்ச்செயல். புண்ணுக்குப் போட்ட கட்டுத்துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரிப்பதற்கும், தலைப்பாகையைக் கழற்றுவதற்கும், கண்டிலிருந்து நூலை ஓடவிடுவதற்கும் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக இந்தச் சொல் வழங்கிவருகிறது. மனிதருடைய மன இறுக்கம் தளர்வதைக் குறிக்க அது வந்தது மிகவும் பிந்தி, இருபதாம் நூற்றாண்டில்தான்.

நூல்கண்டையும் மனத்தையும் இணைத்துப் புரிந்துகொள்ளச் சாவி கொடுக்கும் கடிகாரத்தின் உள்ளே எட்டிப்பார்க்கலாம். கைக்கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகைத் திருப்பும்போது, உள்ளே ஒரு சிறிய உருளைக் கூட்டுக்குள் இருக்கும் நீண்ட மெல்லிய எஃகுப் பட்டை, நடு அச்சைச் சுற்றிக்கொண்டே இறுகுகிறது. கையை எடுத்தவுடன் அது விரியப் பார்க்கிறது. ஆனால் பற்சக்கர வரிசையின் கோடியில் உள்ள தடுப்பு, ஒவ்வொரு ‘டிக்’ ஒலிக்கும் சிறிதளவே அதை விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் சில விநாடிகளில் ஏற்றிய முறுக்கை வைத்துக்கொண்டு அந்தக் கடிகாரம் ஒரு நாளுக்கும் மேலாக ஓடுகிறது. அந்தப் பட்டை இறுகுவது ‘வைண்ட்’, மெல்ல மெல்ல விரிவது ‘அன்வைண்ட்’. வேலை நெருக்கடியாலோ கவலையாலோ நிலைகொள்ளாமல் இருப்பவரை ஆங்கிலத்தில் ‘வவுண்ட் அப்’ என்கிறார்கள். அதாவது அவருக்குள் முறுக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. அது இறங்குவதுதான் உங்கள் மேலாளர் எழுதிய சொல்.

இதிலிருந்து இரண்டு செய்திகளைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சொல்லைத் தவறாகக் கையாள மாட்டோம். முதலாவது, முன்பு சுற்றப்படாத ஒன்று ‘அன்வைண்ட்’ ஆகாது. நாள் முழுவதும் திண்ணையில் சாய்ந்து கிடந்தவர் மாலையில் ‘அன்வைண்ட்’ செய்யப்போகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஐந்து நாளும் உங்களுக்கு முறுக்கு ஏறியிருக்கிறது என்ற ஒப்புதல் உங்கள் மேலாளரின் வரியில், அவர் நினைத்தோ நினைக்காமலோ, அடங்கியிருக்கிறது. இரண்டாவது, அது ஒரு நொடியில் நடக்கும் காரியமன்று. தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடம் ‘ரிலாக்ஸ்’ செய்யலாம். ‘அன்வைண்ட்’ செய்ய ஒரு மாலைப்பொழுதாவது வேண்டும்.

‘எதைப் பிரிப்பது’ என்ற உங்கள் கேள்வியும் நியாயமானதே. தமிழில் ‘அவிழ்த்தது’ என்றால் செயப்படுபொருளைத் தேடுவோம், ‘அவிழ்ந்தது’ என்றால் தேட மாட்டோம். வினையின் உருவமே நமக்கு அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான். கட்டுத்துணியைப் பற்றிப் பேசும்போது அது பிறவினை, மனிதரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் தன்வினை. உங்கள் மின்னஞ்சலில் வந்தது பின்னது. ஆகவே நீங்கள் எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

கேள்வி: இதை ‘அன்விண்ட்’ என்று உச்சரித்ததற்காக நேர்முகத் தேர்வில் திருத்தப்பட்டேன். காற்றுக்கு ‘விண்ட்’ என்றுதானே சொல்கிறோம்? எழுத்து ஒன்றுதானே? மேலும், இறந்தகாலத்துக்கு ‘அன்வைண்டட்’ என்று சொல்லலாமா? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: எழுத்து ஒன்று, சொல் இரண்டு. காற்றைக் குறிக்கும் ‘விண்ட்’ வீசுதல் என்ற பொருளுடைய தொல்வேரிலிருந்து வந்தது. காற்றைக் குறிக்கும் லத்தீன் ‘வென்டஸ்’ என்ற சொல்லும், நமக்கு வாதம், பித்தம் என்ற தொடரில் பழக்கமான வடமொழி ‘வாத’மும் அதன் உறவினர்கள். சுற்றுதலைக் குறிக்கும் ‘வைண்ட்’ வேறு குடும்பம். அலைந்து திரிவதைக் குறிக்கும் ‘வாண்டர்’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘போ’ என்னும் பொருளுடைய ‘கோ’ என்ற வினைக்கு இறந்தகாலமாக நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த ‘வென்ட்’ கூட உண்மையில் ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலமே. அந்த ‘வெண்ட்’ இந்த ‘வைண்ட்’டின் பிறவினை வடிவம்.

‘ஃபைண்ட்’, ‘மைண்ட்’, ‘கைண்ட்’, ‘பைண்ட்’ என்று இதே எழுத்தமைப்புடைய சொற்களெல்லாம் ‘ஐ’ ஒலியோடு இருக்கும்போது, காற்று மட்டும்தான் வரிசையை விட்டு விலகி நிற்கிறது. பழைய ஆங்கிலக் கவிதைகளில் காற்றையும் ‘வைண்ட்’ என்று ஒலித்து ‘பிஹைண்ட்’ போன்ற சொற்களுக்கு இயைபாக வைத்திருப்பதைக் காணலாம். எனவே உங்கள் குழப்பத்துக்குக் காரணம் காற்றுதானே தவிர, நீங்கள் அல்லர்.

இறந்தகாலம் ‘அன்வவுண்ட்’. ‘அன்வைண்டட்’ என்ற வடிவத்தைத் தரமான எழுத்தில் ஏற்பதில்லை. இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. அதே எழுத்துகளை ‘வூண்ட்’ என்று ஒலித்தால் காயம் என்று பொருளாகிவிடும். ‘விண்டட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது மூச்சு வாங்குபவரைக் குறிக்கும், காற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

கேள்வி: ‘அன்ஹேப்பி’ என்றால் மகிழ்ச்சியற்ற என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதே முறையில் ‘அன்வைண்ட்’ என்றால் ‘சுற்றாதே’ என்றோ ‘சுற்றாமல் இரு’ என்றோ ஏன் பொருள் வருவதில்லை என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். என்ன சொல்வது? (ஆங்கில ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: அந்த மாணவியைப் பாராட்டுங்கள். ஆங்கிலத்தில் ‘அன்’ என்ற முன்னொட்டு ஒன்றன்று, இரண்டு. பிறப்பால் வேறுபட்ட இரண்டும் காலப்போக்கில் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன.

பெயரடைகளுக்கு முன் வந்து ‘இல்லாத’ என்று பொருள் தருவது முதல் வகை. இது வடமொழியில் நீதியை அநீதியாக்கும், நியாயத்தை அநியாயமாக்கும் முன்னொட்டுக்கு உறவு; லத்தீனிலும் கிரேக்கத்திலும் இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. வினைகளுக்கு முன் வந்து, செய்ததைத் திருப்பிச் செய்வதைக் குறிப்பது இரண்டாம் வகை. ஜெர்மன் மொழியில் ‘என்ட்’ என்று வருவதும், கிரேக்கத்தில் ‘ஆன்டி’ என்று வருவதும் இதன் உறவுகள். ‘அன்டை’ என்றால் கட்டாமல் இருப்பது அன்று, கட்டியதை அவிழ்ப்பது. ‘அன்லாக்’ என்றால் பூட்டாமல் இருப்பது அன்று, பூட்டியதைத் திறப்பது. ‘அன்வைண்ட்’டும் இந்த வரிசையைச் சேர்ந்தது.

இரண்டும் ஒரே உருவமாகிவிட்டதால் விளையும் வேடிக்கையை வகுப்பில் காட்டலாம். ‘அன்லாக்கபிள்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதுங்கள். பூட்டவே முடியாத கதவையும் அது குறிக்கும், பூட்டைத் திறக்க முடிந்த கதவையும் குறிக்கும். முன்னொட்டு எதனோடு முதலில் சேர்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் தலைகீழாகிறது. நம் சொல்லிலேயே இந்த இரட்டை நிலை உண்டு. ‘அன்வவுண்ட்’ கடிகாரம் என்றால் சாவியே கொடுக்கப்படாத கடிகாரம் என்றும் ஆகலாம், கொடுத்த சாவி ஓடித் தீர்ந்த கடிகாரம் என்றும் ஆகலாம். கடிகாரம் நின்றிருக்கிறது என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஒரு சிறு எச்சரிக்கை. இந்த விதியைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் போக முடியாது. ‘ராவல்’ என்றாலும் சிக்கலைப் பிரிப்பது உண்டு, ‘அன்ராவல்’ என்றாலும் அதுவேதான். ‘லூஸ்’, ‘அன்லூஸ்’ இரண்டுக்கும் கட்டை நீக்குவது என்ற ஒரே பொருள். மாணவி அடுத்து இதைத்தான் கேட்பாள் என்று தோன்றுவதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: மேல்நிலை உயிரியலில் டி.என்.ஏ. இரட்டிப்பாதலை நடத்தும்போது, ஹெலிகேஸ் நொதி இழைகளை ‘அன்வைண்ட்’ செய்கிறது என்றும், டோபோஐசோமரேஸ் நொதி ‘ரிலாக்ஸ்’ செய்கிறது என்றும் படிக்கிறோம். அகராதியில் இரண்டும் ஒரே பொருளாக இருக்கின்றனவே, பிறகு ஏன் இரண்டு சொற்கள்? (ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: பேச்சு வழக்கில் ஒன்றுக்கொன்று மாற்றாக வரும் இரண்டு சொற்கள், அறிவியலில் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ பத்து கார இணைகளுக்கு (இரு இழைகளையும் ஏணிப்படிபோல் இணைப்பவை) ஒரு சுற்று என்ற கணக்கில் திருகிக் கிடக்கின்றன. படியெடுக்க வேண்டுமானால் அவற்றைப் பிரித்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஹெலிகேஸ். இங்கே ‘அன்வைண்ட்’ என்ற சொல் முதற்பொருளிலேயே, அதாவது சுற்றிக் கிடந்ததைப் பிரித்தல் என்ற பொருளிலேயே வருகிறது.

பிரித்தால் அந்த இடத்தில் இருந்த சுற்றுகள் எங்கே போகும் என்பதுதான் சிக்கல். வகுப்பில் ஒரு இரட்டைப் புரிக் கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையை ஒரு மாணவர் சுழலவிடாமல் இறுகப் பிடித்துக்கொள்ளட்டும். மறுமுனையிலிருந்து நீங்கள் இரண்டு புரிகளையும் இரு கையாலும் விலக்கிக்கொண்டே முன்னேறுங்கள். நீங்கள் விலக்கிய பகுதி பிரிந்திருக்கும். ஆனால் எதிரே எஞ்சியிருக்கும் பகுதியில் முறுக்கு கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கயிறு தன்மேலேயே முடிச்சு முடிச்சாகச் சுருண்டுகொள்ளும். நீண்ட டி.என்.ஏ.யிலும் இதுவே நடக்கிறது. ஹெலிகேஸ் முன்னேற முன்னேற, அதற்கு எதிரே இழைகளில் மிகைமுறுக்கு ஏறுகிறது. டோபோஐசோமரேஸ் அங்கே ஒரு இழையையோ இரண்டையுமோ வெட்டி, சேர்ந்த முறுக்கை விடுவித்து, வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டிவிடுகிறது. மிகைமுறுக்கு நீங்கிய நிலைக்குத்தான் ‘ரிலாக்ஸ்ட்’ என்று பெயர். அந்த நிலையிலும் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று வழக்கம்போலச் சுற்றியே இருக்கும், பிரிந்திருக்காது.

ஆக, பிரிப்பது ஒரு நொதி. அந்தப் பிரிப்பினால் வேறிடத்தில் ஏறும் இறுக்கத்தைத் தளர்த்துவது இன்னொரு நொதி. தமிழில் எழுதும்போது முன்னதற்குப் ‘புரி பிரித்தல்’ என்றும் பின்னதற்கு ‘மிகைமுறுக்குத் தளர்த்தல்’ என்றும் வேறுபடுத்தி எழுதினால் மாணவர்களுக்குத் தெளிவாக இருக்கும். இரண்டுக்கும் ‘தளர்த்தல்’ என்று எழுதினால் பாடமே புரியாமல் போய்விடும்.

கேள்வி: பங்குச்சந்தைச் செய்திகளில் ‘லாங் அன்வைண்டிங்’ என்று அடிக்கடி சொல்கிறார்கள். விற்பனை என்று நேராகச் சொன்னால் என்ன? சந்தைக்காரர்களுக்கும் ஓய்வுக்கும் ஏது தொடர்பு? (வாசகர், சேலம்)

பதில்: ஓய்வுக்கு இங்கே வேலையே இல்லை. ஒருவர் முன்பு எடுத்த நிலைப்பாட்டைப் படிப்படியாகக் கலைத்துவிட்டு வெளியேறுவதையே சந்தையில் இப்படிச் சொல்கிறார்கள். விலை ஏறும் என்று நம்பி எதிர்கால ஒப்பந்தங்களை, அதாவது பின்னொரு நாளில் இன்ன விலைக்கு வாங்குவது விற்பது என்று இப்போதே செய்துகொள்ளும் ஒப்பந்தங்களை, வாங்கி வைத்திருப்பது ‘லாங்’. அவற்றை விற்று முடித்துக்கொள்வது ‘லாங் அன்வைண்டிங்’.

இதை வெறும் விற்பனை என்று சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. எதிர்கால ஒப்பந்தச் சந்தையில் ஒருவர் விற்கிறார் என்றால், பழைய கணக்கை முடிக்க விற்கிறாரா, விலை இறங்கும் என்று பந்தயம் கட்டிப் புதிதாக விற்கிறாரா என்பது விலையை மட்டும் பார்த்தால் தெரியாது. இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்; சந்தைமொழியில் அதற்கு ‘ஓபன் இன்ட்ரஸ்ட்’ என்று பெயர். விலையும் இறங்கி இந்த எண்ணிக்கையும் குறைந்தால், வாங்கி வைத்திருந்தவர்கள் கலைக்கிறார்கள் என்று பொருள். விலை இறங்க, எண்ணிக்கை கூடினால், புதிதாக விற்பவர்கள் வந்திருக்கிறார்கள். அது ‘ஷார்ட் பில்டப்’. முன்பே சுற்றியிருந்தால்தான் பிரிக்க முடியும் என்று முதல் பதிலில் சொன்னது இங்கே ரூபாய்க் கணக்காகவே நிற்கிறது.

உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானில் வட்டி நெடுங்காலம் பூச்சியத்தை ஒட்டியே இருந்ததால், பலர் யென் நாணயத்தில் கடன் வாங்கி, அதை மாற்றி, வேறு நாடுகளின் பங்குகளிலும் பத்திரங்களிலும் போட்டுவைத்திருந்தார்கள். 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் மைய வங்கி வட்டியை 0.25 விழுக்காட்டுக்கு உயர்த்தியது, யென் வலுவடைந்தது, அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் எதிர்பார்த்ததைவிட மோசமாக வந்தது. கடனைத் திருப்பிச் செலுத்த எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கியதை விற்கத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவின் நிக்கேய் குறியீடு 12.4 விழுக்காடு சரிந்தது. மும்பையில் சென்செக்ஸ் 2,200 புள்ளிகளுக்கு மேல் இழந்தது. இப்படிக் குறைந்த வட்டியில் கடன் வாங்கி வேறிடத்தில் முதலீடு செய்வதற்குக் ‘கேரி டிரேட்’ என்று பெயர்; செய்திகள் இந்த விற்பனையை ‘யென் கேரி டிரேட் அன்வைண்டிங்’ என்று எழுதின. மெதுவாகப் பிரிவதைக் குறிக்கும் சொல்லை, வில் தெறித்ததுபோல் ஒரே நாளில் நடந்த ஒன்றுக்கு வைத்தது பொருத்தம்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் சந்தை தனக்கு வேண்டிய சொல்லை யாரிடமும் கேட்டு எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: சென்ற இதழில் போகிறபோக்கில் ‘இளைப்பாறுதல்’ என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் ‘இளைப்பாறிய அதிபர்’ என்றால் பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வார இறுதியில் இளைப்பாறுங்கள் என்று மேலாளர் எழுதினால் எங்கள் ஆட்கள் பயந்துவிடுவார்கள். பொருத்தமான ஒரு தமிழ்ச்சொல் சொல்ல முடியுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. தமிழ்நாட்டில் ‘ஓய்வுபெற்ற’ என்று எழுதுமிடத்தில் இலங்கையில் ‘இளைப்பாறிய’ என்று எழுதும் மரபு உண்டு. இரு கரைக்கும் பொதுவாக எழுதுகிறவர் இந்தச் சொல்லைக் கவனத்தோடுதான் வைக்க வேண்டும்.

ஒரே சொல் கேட்கிறீர்கள். என் கருத்தில் ஒரே சொல் கிடையாது, தேடுவதும் வீண். காரணம், உடல் மனச் சோர்வு நீங்குவதை ஆங்கிலம் பார்க்கும் பார்வை வேறு, தமிழ் பார்க்கும் பார்வை வேறு. ஆங்கிலத்துக்கு அது இறுகியது தளர்வது. ‘ரிலாக்ஸ்’ என்ற சொல்லும் தளர்ச்சியைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததே. தமிழுக்கோ அது சூடு ஆறுவது. பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, களைப்பும் ஆறுகிறது. இளைப்பு என்றால் சோர்வு, மூச்சிரைப்பு. அது ஆறுவதுதான் இளைப்பாறுதல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலையில் பார்த்தவுடன் ‘பசியாறிட்டீங்களா’ என்று கேட்கும் தமிழர்கள், பசியையும் அப்படியே ஆற வைத்திருக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு நாம் சொல்வதும் ஆறுதல்தான்.

இதனால்தான் ஆங்கிலத்தின் முறுக்கை அப்படியே தமிழுக்குள் கொண்டுவந்தால் பொருள் வழுக்கிவிடுகிறது. தமிழில் ஒருவர் ‘முறுக்கிக்கொண்டு’ நிற்கிறார் என்றால் அவருக்கு மன அழுத்தம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்துவிட்டது என்று நினைப்பார்கள். ‘முறுக்கேறிய உடம்பு’ பாராட்டு. ‘முறுக்குத் தளர்ந்துவிட்டது’ என்றால் வீறாப்பு அடங்கிவிட்டது என்றே பெரும்பாலும் புரிந்துகொள்ளப்படும். ‘அவிழ்’ என்ற வினையின் நிலைமையும் இதுதான். மூட்டையை அவிழ்க்கலாம், மாட்டை அவிழ்த்துவிடலாம், புதிரை அவிழ்க்கலாம், ஒருவர் கதைகளை அவிழ்த்துவிடவும் செய்யலாம். ஆனால் வார இறுதியில் தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்வது எந்த ஊரிலும் நல்ல பொருளைத் தராது. சாவி கொடுத்தல் கூடத் தமிழில் வேறு திசையில் போய்விட்டது. ‘யாரோ சாவி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்’ என்றால் பின்னாலிருந்து ஒருவர் தூண்டிவிட்டிருக்கிறார் என்று பொருள். அவர் களைத்திருக்கிறார் என்று பொருளன்று.

ஆகவே இடம் பார்த்துத்தான் எழுத வேண்டும். நூல், கயிறு, கட்டுத்துணி என்றால் பிரித்தல், அவிழ்த்தல். கடிகார வில் என்றால் விரிதல். சந்தை நிலைப்பாடு என்றால் கலைத்தல். மனிதர் என்றால் களைப்பாறுதல். சென்னை வாசகியின் மேலாளர் தமிழராக இருந்து, தமிழில் எழுதவும் துணிந்திருந்தால், ‘இரண்டு நாளும் ஆற அமர இருந்துவிட்டு வாருங்கள்’ என்றுதான் எழுதியிருப்பார். ‘ஆற அமர’ என்ற தொடரில் சூடு தணிவதும் உண்டு, அவசரமில்லாமையும் உண்டு. ஆங்கிலச் சொல்லிலுள்ள அந்த மெதுவான கதியை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் தொடர் எனக்குத் தோன்றவில்லை. இளைஞர்கள் ‘லூஸ்ல விடு’ என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அதில் ஆங்கிலத் தளர்ச்சி அப்படியே இருக்கிறது. ஆனால் அது ஒரு விஷயத்தைப் பொருட்படுத்தாமல் விடச் சொல்வது, ஓய்வெடுக்கச் சொல்வதன்று.

கேள்வி: 2020இல் ஊரடங்கைத் தளர்த்தியபோது ‘தளர்வு’ என்று எழுதினார்கள். அதை ஆங்கிலத்தில் ‘அன்வைண்ட்’ எனலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: அங்கே ‘ரிலாக்ஸ்’தான் பொருந்தும். விதியை, கட்டுப்பாட்டை, வயது வரம்பைத் தளர்த்துவதற்கு அந்தச் சொல்லே வழக்கம். அரசுப் பணித் தேர்வு அறிவிப்புகளில் வரும் வயதுத் தளர்வும் அதுவே. விதி அப்படியே இருக்கும், அதன் கடுமை குறையும். ‘அன்வைண்ட்’ என்றால் செய்த ஏற்பாட்டையே படிப்படியாகத் திரும்பப் பெறுவதாகிவிடும். 2020 ஜூன் 1 முதல் மத்திய அரசு அறிவித்த கட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ‘அன்லாக்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழ் நாளேடுகள் பூட்டை விட்டுவிட்டுத் தளர்வைப் பிடித்துக்கொண்டன. அது நல்ல தமிழாகவே இருந்தது.

கேள்வி: மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பலகையில் ‘ரீவைண்டிங்’ என்று எழுதியிருக்கிறேன். அப்படியானால் எரிந்த காயிலை வெளியே எடுப்பதற்கு ‘அன்வைண்டிங்’ என்று பெயரா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. எரிந்த காயிலை நீங்கள் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுப்பதில்லையே! வார்னிஷில் இறுகிப்போன செம்புக் கம்பியை ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கமாக இழுத்து, பள்ளங்களைச் சுத்தம் செய்துவிட்டுத்தானே புதுக் காயில் கட்டுகிறீர்கள். அப்படி வெட்டியும் உரித்தும் எடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரிப்பிங்’ என்கிறார்கள். எத்தனை சுற்று இருந்தது என்று கணக்குப் பார்ப்பதற்காகச் சில சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தால், அந்த வேலையை மட்டும் ‘அன்வைண்டிங்’ எனலாம். நூற்பாலையில் கோனிலிருந்து நூல் ஓடுவது சரியான ‘அன்வைண்டிங்’. உங்கள் ஊரில் அதற்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. பலகையில் இருக்கும் ‘ரீவைண்டிங்’ சரியே.

கேள்வி: நிறுவனத்தை மூடுவதற்கு ‘வைண்டிங் அப்’ என்கிறார்கள். சுற்றுவது எப்படி மூடுவதாகும்? அதன் எதிர்ச்சொல் ‘அன்வைண்ட்’ என்று கொள்ளலாமா? (வணிகவியல் மாணவி, விருதுநகர்)

பதில்: நூலைக் கடைசி முனைவரை சுற்றி முடித்தால் வேலை முடிந்தது, அந்த முடிவுதான் ‘வைண்ட் அப்’ என்பதில் நிற்கிறது. சொத்துகளை விற்று, கடன்களை அடைத்து, மிச்சத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் நடைமுறைக்கு 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டமும் இந்தச் சொல்லையே வைத்திருக்கிறது. ஆனால் மூடிய நிறுவனத்தை மறுபடி திறப்பதற்கு ‘அன்வைண்ட்’ என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு நிறுவனங்கள் இணைந்த பின் அந்த இணைப்பையே கலைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோவதற்குத்தான் ‘அன்வைண்ட்’ வரும். தேர்வில் இரண்டையும் எதிர்ச்சொற்களாக எழுதிவிடாதீர்கள். முதலாவது ஒரு கணக்கை முடித்துவைப்பது, இரண்டாவது ஒரு ஏற்பாட்டைச் செய்வதற்கு முன்னிருந்த இடத்துக்குத் திரும்புவது.